புல்லுக்கு அடியில் ஒரு சாலை

1964-ல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில், மோசஸ் பிரவுன் பள்ளியில் 'கெம்கிராஸ்' என்ற நைலான் புல் விரிக்கப்பட்டது. 1966-ல் அதே புல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம் அரங்குக்குள் போய் 'ஆஸ்ட்ரோடர்ஃப்' என்று பெயர் பெற்றது. செயற்கைப் புல்லின் பிறப்பை இந்த இரண்டு ஆண்டுகளில் வைப்பது வழக்கம். என் கணக்கில் அதன் வம்சம் இன்னும் நூற்றைம்பது ஆண்டுகள் மூத்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்துக்காரரான ஜான் லௌடன் மெக்காடம் ஒரு வாதத்தை முன்வைத்தார். வண்டியின் பாரத்தைக் கடைசியில் சுமப்பது அடியில் இருக்கும் ஊர் மண்தான். அந்த மண் நனையாமல் பார்த்துக்கொள்வதே மேலே பரப்பும் ஜல்லியின் வேலை என்றார். இன்று வீட்டுக் கொல்லையில் டர்ஃப் கோர்ட் போடுபவரும் அடிப்படையில் மெக்காடம் போட்ட சாலையைத்தான் போடுகிறார். புல் அதன்மேல் விரித்த பாய். இந்தத் தொழிலின் வரலாற்றில் பாய் பலமுறை மாறியது. பேரும் புகழும் பாய்க்கே போயின. ஆனால் ஆட்டத்தின் தரத்தைத் தீர்மானித்தது பெரும்பாலும் அதற்குக் கீழே இருந்ததுதான்.

களிமண் நிலத்தில்தான் இது துலக்கமாகத் தெரியும். மணற்பாங்கான இடத்தில் எதை விரித்தாலும் தண்ணீர் இறங்கிவிடும், அரைகுறை வேலையும் சில காலம் ஓடும். களிமண்ணில் ஒரு மழைக்காலம் போதும், எல்லாம் வெளியே வந்துவிடும். ஹூஸ்டனைச் சுற்றியுள்ள நிலத்துக்கும் நம் கரிசலுக்கும் இதில் ஒரே குணம். அந்த மண்ணில் இருக்கும் மான்ட்மோரில்லோனைட் வகைக் கனிமம் தகடு தகடாக அடுக்கியது. தகடுகளுக்கு நடுவே நீர் புகுந்தால் மண் உப்பும், வற்றினால் சுருங்கும். கோடையில் கோவில்பட்டிப் பக்கத்துக் காடுகள் பாளம் பாளமாக வெடிப்பதும், ஐப்பசியில் அதே காடுகள் காலைப் பிடித்து இழுக்கும் சேறாவதும் இந்தக் குணத்தால்தான். அதன்மேல் ஒரு தளத்தைப் போட்டு மூடினால் சிக்கல் கூடும். மூடிய நடுப்பகுதி எளிதில் காயாது. ஓரங்களோ வெயிலில் காய்ந்து மழையில் ஊறும். தளம் ஒரே சீராக ஏறி இறங்காமல் ஓரம் ஒரு கணக்கிலும் நடு ஒரு கணக்கிலும் நகரும். எவ்வளவு உயர்ந்த ரகப் புல்லாக இருந்தாலும் இந்த மேடுபள்ளத்தை அது மறைக்காது. அடியில் உள்ள வடிவத்தையே தானும் எடுத்துக்கொள்ளும்.

அதனால் வேலை மண்ணில் தொடங்குகிறது. வேரும் மக்கும் கலந்த மேல்மண்ணை வழித்தெடுத்து, களிமண் தெரியும்வரை தோண்டி, ரோலர் ஓட்டுவார்கள். அதன்மேல் ஜியோடெக்ஸ்டைல் துணி விரிப்பார்கள். களிமண் மேலேறி ஜல்லியின் இடுக்குகளை அடைக்காமலும், ஜல்லி களிமண்ணுக்குள் புதையாமலும் காப்பது இந்தத் துணி. பிறகு நான்கு முதல் ஆறு அங்குலம் உடைகல் ஜல்லியை அடுக்கடுக்காகக் கொட்டி இறுக்கி, மேலே பொடி ஜல்லியால் மட்டம் பிடிப்பார்கள். இதில் பலர் தவறுவது வாட்டத்தில். நூற்றுக்கு ஒன்று வாட்டம் என்றால் 60 அடி நீளக் கோர்ட்டில் ஒரு கோடிக்கும் மறுகோடிக்கும் ஏழு அங்குலத்துக்குச் சற்று மேல் வித்தியாசம் வரும். அந்த வாட்டத்தை மேலே ஜல்லியில் மட்டும் காட்டினால் போதாது, களிமண்ணின் முகத்திலேயே வெட்ட வேண்டும். ஜல்லிக்குள் இறங்கும் நீர் கடைசியில் ஓட வேண்டியது அந்த முகத்தின் மேல்தான். தொட்டிபோல் மட்டமாகத் தோண்டி ஜல்லியை நிரப்பிவிட்டால், கண்ணுக்குத் தெரியாத ஒரு குளத்தை வெட்டியதாக ஆகும். தாழ்ந்த ஓரத்தில் துளையிட்ட குழாயைப் பதித்து, நீர் வெளியேற வழி செய்த பிறகே தளத்துக்கு உயிர் வரும். பாரிஸின் ரோலான் காரோஸ் டென்னிஸ் தளத்தையும் இங்கே நினைக்க வேண்டும். ஆங்கிலத்தில் அதைக் களிமண் தளம் என்பார்கள். உண்மையில் மேலே இருப்பது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் செங்கல் பொடி. அதன்கீழ் சுண்ணக்கல் தூள், நிலக்கரிக் கசடு, சரளை என்று அடுக்கு அடுக்காகப் போகிறது.

அடித்தளத்தை மறந்த காலம் ஒன்று இருந்தது. 1965-ல் ஆஸ்ட்ரோடோம் திறந்தபோது உள்ளே உயிருள்ள பெர்முடா புல் வளர்ந்தது. கூரை வழியே வந்த கண்கூச்சத்தில் ஆட்டக்காரர்களுக்குப் பந்து தெரியவில்லை. கூரைக்குப் பெயின்ட் அடித்தார்கள், புல் செத்தது. அதன் இடத்தில்தான் நைலான் வந்தது. கூரைக்குள் மழை இல்லாததால் வடிகால் பற்றிய கேள்வியே எழவில்லை. அந்த வெற்றியைப் பார்த்துத் திறந்தவெளி மைதானங்களும் செயற்கைப் புல்லுக்கு மாறின. அவற்றில் பல, தார் அல்லது கான்கிரீட் போட்டு அதன்மேல் மெல்லிய ரப்பர் மெத்தையும் புல்லும் ஒட்டின. மண் நகராது என்ற நிம்மதி கிடைத்தது, விழுந்தவரின் முழங்கால் அதற்கு விலை கொடுத்தது. லண்டனில் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் 1981-ல் போட்ட தளத்தில் கால்பந்து வழக்கத்துக்கு மீறித் துள்ளியது. 1988-ல் இயற்கைப் புல்லுக்கே திரும்பினார்கள். பிலடெல்பியாவின் வெட்டரன்ஸ் மைதானத்தில் 2001 ஆகஸ்டில் நடக்க இருந்த அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் ரத்தானது. பேஸ்பாலுக்காக வெட்டிவிட்டிருந்த மண் பகுதிகளை மூடிய இடம் சமமாக உட்காரவில்லை. விரித்தது புதுப் புல். பழுது அதன் அடியில்.

இதற்கு நம் நாட்டில் ஒரு வலுவான மறுப்பு உண்டு. புல்லைக் குறைத்துப் பேசாதே, அந்தப் புல்தான் இந்திய ஹாக்கியைச் சாய்த்தது என்பார்கள். 1975-ல் கோலாலம்பூரில் உலகக் கோப்பையை வென்ற அணி, 1976-ல் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தளத்தில் ஏழாம் இடத்துக்கு இறங்கியது. அந்த வலி உண்மையானது. ஆனால் அதற்கு முன்பே, இயற்கைப் புல்லிலேயே, 1960 ரோம் இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானிடம் தோற்றிருந்தோம். 1968-லும் 1972-லும் வெண்கலம்தான். சரிவு தொடங்கிய பிறகு வந்தது செயற்கைத் தளம். வந்து அது செய்த அநீதி வேறு. மட்டமான கட்டாந்தரையும் ஒரு மட்டையும் போதும் என்றிருந்த ஆட்டத்துக்கு, இனி பொறியாளர் கட்டிய அடித்தளமும் குழாயும் தண்ணீர்த் தெளிப்பானும் வேண்டும் என்றானது. கோவில்பட்டி தலைமுறை தலைமுறையாகக் கரிசல் தரையில் ஹாக்கி ஆடி வந்த ஊர். அந்த ஊருக்குச் செயற்கைப் புல் மைதானம் கிடைக்க மாண்ட்ரியலுக்குப் பிறகு பல பத்தாண்டுகள் ஆயின. குடிநீருக்கே அல்லாடிய வானம் பார்த்த பூமியில், ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் நனைக்க வேண்டிய தளம்! புல்லை வாங்குவதோடு செலவு முடியாது. அதைத் தாங்கும் தரையையும் தண்ணீரையும் எளிய ஊர்களால் எட்டிப்பிடிக்க முடியவில்லை என்பதே என் வருத்தம்.

பிளாஸ்டிக்கைக் கொல்லையில் பரப்புவதே தவறு என்ற மறுப்பில் எனக்குப் பெருமளவு உடன்பாடு உண்டு. உச்சி வெயிலில் செயற்கைப் புல் 60 டிகிரியைத் தாண்டிச் சுடும். குழந்தைகளின் பாதம் அதற்கு ஏற்றதல்ல. இழைகளுக்கு நடுவே நிரப்பும் ரப்பர் துகள்கள் மழையில் வெளியேறி வாய்க்காலில் சேர்கின்றன. 2023-ல் ஐரோப்பிய ஒன்றியம் நுண்நெகிழிகளுக்குக் கட்டுப்பாடு விதித்தபோது இத்தகைய நிரப்பும் துகள்களையும் அதில் சேர்த்து, அவற்றுக்கு எட்டு ஆண்டு அவகாசம் கொடுத்தது. மணலையோ தக்கைத் துகளையோ நிரப்பிப் போடும் தளங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. எதை நிரப்பினாலும் களிமண்ணின் கேள்வி அப்படியே நிற்கும். இழை வெயிலில் நைந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பாயைச் சுருட்டி எடுக்க வேண்டி வரும். வாட்டம் தவறாமல், ஓரம் இளகாமல் அடுக்கிய ஜல்லி அப்போதும் அங்கேயே கிடக்கும், அடுத்த பாயை விரிக்கலாம். வேண்டாம் என்று முடிவெடுத்தால், அதே வாட்டத்தின் மேல் செம்மண்ணைக் கொட்டித் திமிசு போட்டுப் பிள்ளைகளைக் கபடி ஆட விடலாம்.