கூலியும் மானமும்: 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தம்



தோட்டத் தொழிலாளிக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், நல்ல கூலி வேண்டும் என்றுதான் எவரும் சொல்வார்கள். 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலையை நிறுத்திய நம் முன்னோர், கூலியோடு வேறு பலவற்றையும் கேட்டார்கள். துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. இதற்கு ஒரு வேலைநிறுத்தமா என்று சிலர் நினைக்கலாம். அந்தக் காலத்து நிலையை அறிந்தால் அப்படி நினைக்கமாட்டோம்.

முதலில் இங்கிலாந்தைப் பார்ப்போம். அங்கே இயந்திர ஆலைகள் தோன்றிய காலத்தில், பஞ்சாலைகளில் சிறு பிள்ளைகளும் விடியலிலிருந்து இரவு வரை உழைத்தார்கள். அவர்களைக் காக்க 1802லும் 1819லும் சட்டங்கள் வந்தும் பெரும் பயன் விளையவில்லை. சட்டப்படி நடக்கிறதா என்று பார்க்கத் தக்க ஆளில்லை. 1833ஆம் ஆண்டுச் சட்டம், ஒன்பது வயது நிரம்பாத பிள்ளைகளைப் பெரும்பாலான நெசவாலைகளில் வேலைக்கு வைக்கக்கூடாது என்றது. கூடவே நான்கு ஆய்வாளர்களையும் நியமித்தது. பார்க்கும் கண் வந்த பிறகே சட்டத்துக்கு உயிர் வந்தது.

மலாயாவிலும் இதே கதைதான். மோட்டார் வண்டிச் சக்கரங்களுக்கு ரப்பர் தேவைப்பட்டதால் சிலாங்கூர்க் காடுகள் தோட்டங்களாயின. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிந்தது. அதன் பின் கங்காணிகள் ஊருக்குச் சென்று ஆள் சேர்த்தார்கள். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. எழுத்தில் நல்ல சட்டம். நடைமுறையிலோ, பல தோட்டங்களில் ஒரு கொட்டகையே பள்ளிக்கூடம். கங்காணியோ கிராணியோதான் வாத்தியார்.

கூலியும் நிலையாக இருக்கவில்லை. ஆணுக்கு ஒரு நாளைக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று இருந்தது, 1930க்குப் பின் வந்த பொருளாதார மந்தத்தில் குறைக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்து தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினர். 1936ஆம் ஆண்டின் இறுதியில் இங்கு வந்து நிலைமையை ஆராய்ந்த சீனிவாச சாஸ்திரி, பழைய கூலியை மீண்டும் கொடுக்கவேண்டும் என்று பரிந்துரைத்தார். ஆயினும் 1938இல் முதலாளிகள் கூலியைக் குறைக்க முற்பட்டபோது, இந்திய அரசாங்கம் தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதையே நிறுத்திவிட்டது.

பிறகு ஐரோப்பாவில் போர் மூண்டது. ரப்பருக்குக் கிராக்கி ஏறியது. அரிசி விலையும் ஏறியது. தமிழர் கூலி மட்டும் சீனத் தொழிலாளர் கூலிக்குக் கீழேயே கிடந்தது. இந்த நிலையில்தான் ஆர். எச். நாதன் என்ற பத்திரிகையாளரும் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும் தொழிலாளரை ஒன்றுதிரட்டினார்கள்.

அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளைக் கேளுங்கள். சீனருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, நல்ல மருத்துவ வசதி, கொடுமை செய்யும் டிரசர்களை நீக்குதல், பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்துதல், கள்ளுக்கடைகளை மூடுதல், உறவினர் தடையின்றித் தோட்டத்துக்கு வந்துபோதல், சங்கம் அமைக்கும் உரிமை. அந்தச் சைக்கிள் கோரிக்கையும் இவற்றோடு இருந்தது. காசு சேர்த்து வாங்கிய சொந்தச் சைக்கிளில், பொதுவழியில் போகும்போதும் ஒருவன் இறங்கி நிற்கவேண்டுமென்றால், வேலை நேரம் முடிந்த பின்னும் அவன் துரைக்கு அடிமை என்றுதானே பொருள்? உழைப்பை விற்றோம், மானத்தை விற்கவில்லை என்று சொல்வதற்கே அந்தக் கோரிக்கை.

மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரித் தொழிலாளர் திரண்டனர். வேலைநிறுத்தம் மேலும் பல தோட்டங்களுக்குப் பரவியது. சிலாங்கூரில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது, படைகள் இறங்கின, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். பலர் சிறைப்பட்டனர், பலர் தோட்டங்களை விட்டே வெளியேற்றப்பட்டனர். அந்த ஆண்டு முடிவதற்குள் ஜப்பானியரும் வந்துவிட்டார்கள்.

அந்தப் போராட்டம் அடக்கப்பட்டது. ஆனால் கேட்ட கேள்வி அடங்கவில்லை. போருக்குப் பின் தொழிற்சங்கங்கள் மீண்டும் எழுந்தன. 1954இல் பல சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. 1955இல் வேலைச் சட்டம் இயற்றப்பட்டது. குறைந்தபட்சச் சம்பளம் 2013இல்தான் நடைமுறைக்கு வந்தது. 2023 முதல் வார வேலை நேரம் 45 மணியாகவும், பிரசவ விடுப்பு 98 நாளாகவும் உள்ளன.

டெங்கில் வட்டாரத்தில் பழைய தோட்டங்கள் பல மறைந்துவிட்டன. பிராங் பெசார் தோட்டம் இருந்த இடத்தில் இன்று புத்ராஜெயா நிற்கிறது. நம் பிள்ளைகள் ஆலைக்கும் அலுவலகத்துக்கும் போகிறார்கள். எங்கே போனாலும் பாடம் ஒன்றுதான். சட்டம் தானாக நடந்து லயத்து வாசலுக்கு வராது. அதைப் படித்தவர் ஒருவராவது வீட்டில் இருக்கவேண்டும். சம்பளச் சீட்டைப் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். வேலை நேரம், மிகைநேரச் சம்பளம், சேமநிதிப் பிடித்தம் ஆகியவை சரியா என்று கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். ஐயமிருந்தால் சங்கத்திலோ தொழிலாளர் இலாகாவிலோ தயங்காமல் கேளுங்கள். இன்று நாம் உரிமையோடு பெறுவதெல்லாம் ஒரு காலத்தில் எவரோ துணிந்து கேட்டதுதான்.