வங்கி கைப்பற்றிய வீடு: ஏறிய அபராதத்தைக் குறைப்பது ஏன்?

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், கடன் கட்டாததால் வங்கி கைப்பற்றிய ஒரு வீடு. ஆளில்லை, புல் மண்டிக் கிடக்கிறது, நீச்சல் குளத்தில் கொசு. நகராட்சி என்ன செய்யும்?

எவ்வளவு அபராதம்?
மாநிலச் சட்டத்தின் 162-வது அத்தியாயப்படி, பொதுவாக முதல் மீறலுக்கு நாளொன்றுக்கு 250 டாலர் வரை; மீண்டும் நடந்தால் 500 வரை. கணக்குப் போட்டுப் பாருங்க: 250 என்றாலே வருஷத்துக்கு 91,250 டாலர். உத்தரவைப் பதிவு செய்தால் அது சொத்தின் மீது வில்லங்கமாகி, 20 ஆண்டுகள் வரை நீடிக்கலாம்.

ஏன் குறைக்கிறார்கள்?
அபராதம் வீட்டு விலையையே நெருங்கினால் வாங்க ஆள் வராது. வீடு பாழாகும், பக்கத்து வீடுகளின் மதிப்பும் சரியும். அதனால்தான், அபராதத்தைக் குறைக்க அமலாக்க வாரியத்துக்குச் சட்டமே அதிகாரம் தருகிறது.

சிக்கல் எங்கே?
சுலபமாகத் தள்ளுபடி செய்தால், அடுத்த வீட்டையும் வங்கி கண்டுக்காது. முதலில் வீட்டைச் சரிசெய்யணும், பிறகுதான் சலுகை என்ற நிபந்தனை இதற்காகத்தான்.