உயிர் போன மதர்போர்டுகள்

  வரிச்சலுகையை நாடி ஏசர், எச்.சி.எல்., விப்ரோ ஆகியவை புதுச்சேரியில் கணினி ஆலைகள் வைத்தன. ஆனால் கையில் காசு குறைந்தவர்களின் கண் உதிரிபாகங்களைக் கோத்துத் தரும் சென்னை ரிச்சி தெருவின் 'அசெம்பிள்டு' பெட்டிமீதுதான்.

இந்த அசெம்பிள் தொழிலுக்கு வழிவிட்டது, கணினியைத் துயிலெழுப்பும் பயாஸ் நிரல். ஐ.பி.எம். 1981இல் வெளியிட்ட பி.சி.யின் உதிரிபாகங்கள் கடையில் கிடைப்பவை. பயாஸ் மட்டும் அதன் சொந்தச் சரக்கு. காம்பேக்கும் ஃபீனிக்ஸும் அதற்கு ஈடாகப் புதிதாக எழுதிக்கொண்டன.

பிறகு பயாஸ், திருத்தி எழுதக்கூடிய ஃபிளாஷ் சிப்புக்கு மாறியது. வசதிதான், வில்லங்கமும் கூட. அப்டேட் ஓடும்போது கரண்ட் போனால் போர்டு ஊமையாகிவிடும். 1999 ஏப்ரல் 26 அன்று சி.ஐ.எச். வைரஸ் அதே வாசல் வழியாக நுழைந்து, பல கணினிகளின் பயாஸை அழித்தது.

மெக்கானிக்குகள் சளைக்கவில்லை. முதலில் பீப் ஒலியை எண்ணுவார்கள். ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டுவார்கள். சிமாஸ் பேட்டரியை எடுத்துப் போடுவார்கள். எதுவும் பலிக்காவிட்டால், அதே மாடல் போர்டு ஒன்றை ஓடவிட்டு, ஓட்டத்திலேயே சிப்பை மாற்றிச் செத்ததில் மறுபடி எழுதுவார்கள். துணிச்சல்காரர்களின் வேலை!

அப்டேட் வில்லங்கம் பயாஸோடு நிற்கவில்லை. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட், லினக்ஸையும் சேர்த்து வைத்திருந்த சில கணினிகளில் லினக்ஸை பூட் ஆகவிடாமல் தடுத்தது. பூட் ஆகும் நிரலைச் சரிபார்க்கும் செக்யூர் பூட்டை அணைத்து, லினக்ஸுக்குள் போய், அந்த அப்டேட் போட்ட தடைவிதியை நீக்கிய பிறகே அவை வழிக்கு வந்தன.