இளவட்டக்கல்லும் கர்லாக்கட்டையும்

எங்க ஊர் பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால ஒரு உருண்டைக் கல்லு கிடக்கு. இளவட்டக்கல். பாதி மண்ணுக்குள்ள புதைஞ்சிருச்சு. டவுன்ல இருக்கறவங்க இதைப் படத்துல பாத்திருப்பீங்க, தூக்குனாத்தான் பொண்ணு தருவாங்கன்னு. எனக்கு அந்தக் கல்லைப் பாத்தா பொண்ணு ஞாபகம் வராது, இடுப்புவலிதான் வரும். பத்தொன்பது வயசுல, கூட்டாளிங்க கைதட்டுறானுங்கன்னு ஒரு பயிற்சியும் இல்லாம தூக்கப் போய்ப் பிடிச்ச வலி. இன்னைக்கும் நாத்துப் பறிக்கக் குனிஞ்சா எட்டிப் பாக்கும்.

போன மாசம் அக்கா மகன் வந்தான். பள்ளிக்கூட மல்யுத்த அணியில இருக்கான். "மாமா, பெஞ்ச் பிரஸ் செட்டு ஒண்ணு வாங்கிக் குடுங்க"ன்னான். எதுக்குடான்னேன். "எங்க டீம்ல ஒருத்தன் எண்பது கிலோ தூக்குறான்." அந்தப் பதில் என்னை உறுத்திருச்சு. அன்னைக்கு நான் செஞ்ச அதே தப்பு. பலத்தைச் சோதிக்கிற சாமான் வேற, பலத்தை வளக்கிற சாமான் வேற. இது தெரியாமதான் எங்க தலைமுறையில பல இடுப்பு போச்சு.

பழைய ஆளுங்களுக்கு இது நல்லாத் தெரிஞ்சிருந்தது. 12ஆம் நூற்றாண்டுல மேலைச் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன் 'மானசோல்லாசம்'னு ஒரு நூல் எழுதினான். மல்லர்களுக்கான பயிற்சியைப் பிரிச்சுப் பிரிச்சுச் சொல்லுது அது. பாரம் தூக்குறது, நடக்கிறது, நீந்துறது, கம்பத்துல பழகுறது, கை மல்லுக்கட்டு. பாரம் தூக்குறது அதுல ஒரு பங்குதான் பாருங்க.

வடக்க குஸ்தி பழகுற இடத்துக்கு அகாடான்னு பேரு. அங்க முதல் சாமானே நம்ம மண்வெட்டிதான். தினமும் குழியைக் கொத்திக் கிளறி மண்ணைப் பொலபொலன்னு ஆக்கணும். எண்ணெய், மஞ்சள், மோர்னு ஊருக்கு ஒரு பக்குவத்துல அந்த மண்ணுல கலப்பாங்க. கொத்துறதே தோளுக்கும் முதுகுக்கும் கைப்பிடிக்கும் பயிற்சி. அதுக்கப்புறம் தண்டால், பஸ்கி. அப்புறம் நம்ம கர்லாக்கட்டை மாதிரி ஜோடிக் கட்டைகளும், மூங்கில் நுனியில கல்லு மாட்டின கதையும் சுத்துறது.

கர்லாக்கட்டையில என்ன விசேஷம்னா, பாரமெல்லாம் கையை விட்டுத் தள்ளி நுனியில இருக்கும். முதுகுக்குப் பின்னால சுத்தி வரும்போது பிடி கொஞ்சம் தளர்ந்தாலும் கட்டை நம்மளை இழுத்துரும். எதிராளி இழுக்கிறதும் அப்படித்தானே. 19ஆம் நூற்றாண்டுல வெள்ளைக்காரப் பட்டாளத்தான் இதைப் பாத்துத் தன் ஊருக்குக் கொண்டு போனான். 1904லயும் 1932லயும் ஒலிம்பிக்ல கட்டை சுத்துறது தனிப் போட்டியாவே இருந்துச்சு.

கல்லுக் கதைக்கு வருவோம். காமா பயில்வான் 1902ல தூக்கினதுன்னு ஒரு கல்லு பரோடா அருங்காட்சியகத்துல இருக்கு. எடை 1,200 கிலோன்னு சொல்றாங்க. எல்லாரும் அந்தக் கல்லைத்தான் பேசுவாங்க. ஆனா காமாவை காமாவா ஆக்குனது தினமும் ஆயிரக்கணக்குல போட்ட தண்டாலும் பஸ்கியும், பல பேரோட மாறி மாறிப் போட்ட குஸ்தியும்தான். 1910ல லண்டன்ல போலந்துக்காரர் ஸ்பிஷ்கோ இரண்டரை மணி நேரத்துக்கு மேல தரையோட ஒட்டிக்கிட்டே கிடந்தார். போட்டி முடிவு இல்லாமப் போச்சு. அவ்வளவு நேரமும் காமா அவரைப் பெரட்டப் பாத்துக்கிட்டே இருந்தார். கல்லு தூக்குன பலம் மட்டும் இருந்தா அந்த மூச்சு வராது. 1928ல பாட்டியாலாவுல ரெண்டு பேரும் மறுபடி மோதினப்போ, ஒரு நிமிஷத்துக்குள்ள ஸ்பிஷ்கோ விழுந்துட்டார்.

அதுக்காகப் பழசு எல்லாமே சரின்னு நான் சொல்லல. இப்ப மல்யுத்தம் மெத்தையில, மூணு மூணு நிமிஷமா மொத்தம் ஆறு நிமிஷம். ஆயிரம் பஸ்கி போட்டா மூச்சு நிக்கும், ஆனா ஆளைச் சட்டுனு தூக்கி எறியற வேகம் வேணும்னா பார்பெல் வச்சு உக்காந்து எந்திரிக்கிறதும், தரையில இருந்து தூக்குறதும் செய்யத்தான் வேணும். மகாராஷ்டிரத்து மண்ணுல வளந்த கே. டி. ஜாதவ் 1948ல லண்டனுக்குப் போனப்போ மெத்தை அவருக்குப் புதுசு. ஆறாவது இடம். பழகிக்கிட்டு 1952ல ஹெல்சிங்கில வெண்கலம் வாங்கினார். சுதந்திர இந்தியாவுக்குத் தனிநபர் போட்டியில அதான் முதல் பதக்கம்.

இதையெல்லாம் மருமகன்கிட்ட சொன்னேன். "மல்லாக்கப் படுத்துக்கிட்டு மேல தள்ளுறது உனக்கு எவ்வளவுடா உதவும்? மல்யுத்தத்துல பாதி வேலை இழுக்கிறதும் பிடிக்கிறதும் தூக்கிறதும்தானே"ன்னேன். யோசிச்சான்.

செட்டு வாங்கல. பரண்ல கிடந்த பழைய கமலை வடத்தை இறக்கினோம். நல்லா இழுத்துப் பாத்து, இத்துப்போன பக்கத்தை வெட்டிட்டு, புளியமரத்துல கட்டினோம். ஏறி இறங்க அதைவிட நல்ல சாமான் கிடையாது. ஆசாரிகிட்டச் சொல்லி ஒரு ஜோடி கர்லாக்கட்டை, முதல்ல சின்னதா, கடைஞ்சு வாங்கினேன். உரச்சாக்குல ஆத்துமணலைக் கொட்டி, இன்னொரு சாக்குக்குள்ள போட்டு இறுக்கித் தைச்சோம். மணல் மூட்டை கையில நிக்காது, நழுவும். மனுஷ உடம்பும் அப்படித்தான். பார்பெல் பள்ளிக்கூடத்துல இருக்கு, அது கோச்சு பக்கத்துல இருக்கும்போது மட்டும்னு சொல்லிட்டேன். மிச்சக் காசுல மெத்தைக்குப் போடுற ஷூ வாங்கினான்.

நெல்லை மாவட்டம் வடலிவிளையில பொங்கலுக்கு இன்னமும் இளவட்டக்கல் போட்டி நடக்குது, பொம்பளைங்களும் தூக்குறாங்க. அதை டிவியில பாத்துட்டு, "நம்ம ஊர்க் கல்லை எப்ப மாமா தூக்கலாம்?"னு கேட்டான்.

"ரெண்டு பொங்கல் போகட்டும்"னேன். "அதுவரைக்கும் அது மண்ணுக்குள்ளயே கிடக்கட்டும்."