கடல் கடந்த வணிகமும் கல்விக்கூடமும்

வணிகம் பழமையானது, வணிக உத்தியை ஒரு கல்வியாக அமர்ந்து பயிலும் வழக்கமோ மிகப் புதியது. கலம் செலுத்திக் கடல் கடந்து பொருள் ஈட்டிய மாந்தர்க்கு எக்காலத்திலும் குறைவிருந்ததில்லை. 1600ஆம் ஆண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியும், 1602ஆம் ஆண்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியும் தோன்றிக் கண்டங்களைக் கடந்து வாணிகம் நடத்தின. அவற்றை நடத்தியவர்களுள் ஒருவரும் வணிக மேலாண்மையில் பட்டம் பெற்றவர் அல்லர். அத்தகைய பட்டமே அந்நாளில் இல்லை.

ஆயினும், உத்தி பற்றிய சிந்தனை மட்டும் தொன்மையானதே. வலியறிதல், காலமறிதல், இடனறிதல் எனத் திருவள்ளுவர் வகுத்த அதிகாரங்கள் ஆள்வோர்க்கு உரைக்கப்பட்டவை. மேலைநாட்டார் வழங்கும் 'ஸ்ட்ராட்டஜி' என்னும் சொல்லும் படைத்தலைவனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்ததே. அரண்மனைக்கும் போர்க்களத்துக்கும் உரியதாயிருந்த இச்சிந்தனை, 20ஆம் நூற்றாண்டில் பல்கலைக்கழக வகுப்பறைக்குள் புகுந்தது. பன்னாட்டு உத்தி மேலாண்மை என்று இன்று பட்ட மேற்படிப்பில் பயிலப்படும் துறையின் வரலாறு, ஒரு பாடத்தின் வளர்ச்சியை மட்டும் காட்டுவதன்று. வகுப்பறையில் சொல்லப்படும் வரலாறு எங்கிருந்து வருகிறது, அதைக் கேட்ட மாணவன் வெளியே சென்று என்ன செய்கிறான் என்னும் இரு வினாக்களை அது எழுப்புகிறது.

தொடக்கம்

அமெரிக்காவில் வணிகவியலுக்கென 1881ஆம் ஆண்டில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் வார்ட்டன் பள்ளி தோன்றியது. 1900ஆம் ஆண்டில் டார்ட்மத் கல்லூரியின் டக் பள்ளி அக்கல்வியைப் பட்ட மேற்படிப்பு நிலைக்கு உயர்த்தியது. 1908ஆம் ஆண்டில் ஹார்வர்டு வணிகப் பள்ளி திறக்கப்பட்டது. அதன் முதல் தலைவர் எட்வின் கே பொருளாதார வரலாற்று அறிஞர். சட்டக் கல்லூரியில் முந்தைய வழக்குகளைக் கொண்டு சட்டம் கற்பித்தது போல, நிறுவனங்களில் உண்மையாக நேர்ந்த சிக்கல்களைக் கொண்டு வணிகம் கற்பிக்கலாம் என்பது அவர் கருத்து. நேர்வு முறை என வழங்கும் கற்பித்தல் முறை இவ்வாறு வேரூன்றியது.

1912ஆம் ஆண்டளவில் ஹார்வர்டில் 'வணிகக் கொள்கை' என்னும் பாடம் தொடங்கப்பட்டது. தொழில் நடத்தும் ஒருவர் வகுப்புக்கு வந்து தம் சிக்கலை எடுத்துரைப்பார், மாணவர் வினவுவர், அடுத்த வகுப்பில் தம் ஆய்வையும் தீர்வையும் எழுதித் தருவர், பின்னர் அவற்றை அத்தொழில் தலைவரோடு சேர்ந்து ஆராய்வர். கணக்கியல், விற்பனை, உற்பத்தி எனத் தனித்தனியே கற்றவற்றையெல்லாம் ஒருங்கே கூட்டி, நிறுவனத்தை முழுமையாக நோக்கப் பழக்குவதே அப்பாடத்தின் நோக்கம். இன்றைய உத்தி மேலாண்மைக்கு அதுவே தாய்.

வரலாற்றறிஞரும் இலக்கிய அறிஞரும்

இத்துறையைச் செதுக்கியவர்கள் வணிகர்கள் அல்லர் என்பது ஈண்டு நினைவுகூரத் தக்கது. 1962ஆம் ஆண்டில் 'உத்தியும் அமைப்பும்' என்னும் பொருள்படும் தலைப்பில் நூல் எழுதிய ஆல்பிரட் சாண்ட்லர் வரலாற்றறிஞர். டூபாண்ட், ஜெனரல் மோட்டார்ஸ், நியூஜெர்சி ஸ்டாண்டர்டு ஆயில், சியர்ஸ் ரோபக் ஆகிய நான்கு நிறுவனங்களை ஆராய்ந்த அவர், உத்தி மாறும்போது நிறுவன அமைப்பும் அதன்வழி மாறுகிறது என்று நிறுவினார். 1965ஆம் ஆண்டில் நிறுவன உத்தியைப் பற்றித் தனிநூல் எழுதிய இகோர் ஆன்சாப் ருசிய மண்ணில் விளாடிவாஸ்டாக்கில் பிறந்தவர், கணிதம் கற்றவர். அதே ஆண்டில் ஹார்வர்டு பேராசிரியர் குழு ஒன்று வெளியிட்ட பாடநூலில் உத்திக் கோட்பாட்டை எழுதிய கென்னத் ஆண்ட்ரூஸ் ஆங்கில இலக்கியத்தில் ஆய்வுப் பட்டம் பெற்றவர். அவருடைய ஆய்வுப்பொருள் எழுத்தாளர் மார்க் ட்வெய்ன்.

வரலாறு, கணிதம், இலக்கியம் என்னும் மூன்று துறையினர் கைகோத்து உருவாக்கிய கல்வி இது. ஒரு நிறுவனத்தின் கதையைப் படித்து, அதன் மாந்தர் ஏன் அவ்வாறு செய்தனர் என வினவுவதற்கு இலக்கியப் பயிற்சி உதவாமல் போகாது. இதனை மொழியாசிரியர்கள் பெருமையோடு எண்ணிப் பார்க்கலாம்.

1977ஆம் ஆண்டில் பிட்ஸ்பர்க் நகரில் கூடிய ஆய்வரங்கில் 'வணிகக் கொள்கை' என்ற பழைய பெயரின் இடத்தில் 'உத்தி மேலாண்மை' என்ற பெயர் முன்வைக்கப்பட்டது. 1980ஆம் ஆண்டில் அத்துறைக்கெனத் தனி ஆய்விதழ் தோன்றியது. அவ்வாண்டிலேயே மைக்கேல் போர்ட்டர் போட்டி உத்தி பற்றிய தம் நூலை வெளியிட்டார். இருபது ஆண்டுகளுக்குள் ஒரு பாடம் ஒரு துறையாக வளர்ந்துவிட்டது.

எல்லை கடந்த நிறுவனங்கள்

ஒரு நாட்டுக்குள் இயங்கும் நிறுவனத்துக்குரிய உத்தி, பல நாடுகளில் இயங்குவதற்குப் போதாது. ஒரு நிறுவனம் அயல்நாட்டில் ஏன் தானே தொழில் நடத்த விரும்புகிறது என்ற வினாவை ஸ்டீபன் ஹைமர் 1960ஆம் ஆண்டில் தம் ஆய்வேட்டில் எழுப்பினார். 1966ஆம் ஆண்டில் ரேமண்ட் வெர்னான், ஒரு பொருள் புதுமையாகத் தோன்றிப் பழமையாகும் வரை அதன் உற்பத்தி நாடுவிட்டு நாடு நகரும் போக்கை விளக்கினார். ஐரோப்பாவில் 1957ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் பாண்டென்புளோ நகரில் நிறுவப்பட்ட இன்சியாட் கல்விக்கூடம், தொடக்கம் முதலே பல நாட்டு மாணவரை ஒன்றாக அமர்த்திக் கற்பித்தது. அதே கல்விக்கூடம் 2000ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தன் கிளையைத் திறந்தது.

இத்துறையின் நடுநாயகமான கருத்தை வகுத்தவர்களுள் ஒருவர் தமிழ்நாட்டு மண்ணில் பிறந்தவர். சி. கே. பிரகலாத் 1941ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் பிறந்து, சென்னை லயோலா கல்லூரியில் இயற்பியல் பயின்று, தொழிற்சாலையில் பணியாற்றி, அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தில் கற்று, 1975ஆம் ஆண்டில் ஹார்வர்டில் ஆய்வுப் பட்டம் பெற்றார். அவரும் பிரெஞ்சு அறிஞர் இவ் டோஸும் 1987ஆம் ஆண்டில் இணைந்து எழுதிய நூல், கடல் கடந்த நிறுவனத்தை எதிரெதிர்த் திசையில் இழுக்கும் இரு விசைகளை விளக்கியது. செலவு குறைய வேண்டுமாயின் எங்கும் ஒரே பொருளை ஒரே முறையில் செய்தல் வேண்டும். அந்தந்த நாட்டு மக்களும் அரசும் ஏற்க வேண்டுமாயின் இடத்துக்கு இடம் வேறுபடுதல் வேண்டும். இவ்விரண்டையும் எவ்வாறு இணைப்பது என்பதே வினா.

1989ஆம் ஆண்டில் கிறிஸ்டோபர் பார்ட்லெட், சுமந்திரா கோஷல் ஆகிய இருவரும் ஒன்பது நிறுவனங்களை ஆராய்ந்து இவ்வினாவுக்கு விடை தேடினர். அவற்றுள் இரண்டு மாணவர் உள்ளத்தில் நிலைப்பவை. நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் நாடுதோறும் தன் கிளைகளுக்கு உரிமை அளித்து வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது தலைமையகத்திலிருந்து துண்டிக்கப்பட்ட கிளைகள் தாமே நின்று இயங்கப் பழகின. அவ்வுரிமையே பின்னர் இடராயிற்று. பிலிப்ஸ் உருவாக்கிய ஒளிநாடாக் கருவியை அதன் வட அமெரிக்கக் கிளையே ஏற்க மறுத்து, போட்டியாளரான ஜப்பானின் மட்சுஷிட்டாவிடம் கருவிகளை வாங்கித் தன் பெயரில் விற்றது. மட்சுஷிட்டாவின் நிலையோ நேர்மாறானது. ஜப்பானியத் தலைமையகமே யாவற்றையும் முடிவு செய்தமையால் அதன் அயல்நாட்டுக் கிளைகளில் தாமே முனையும் ஊக்கம் வளரவில்லை. ஒன்றின் வலிமை அதன் குறையாகவும் மாறியதை இவ்விரு வரலாறுகளும் காட்டுகின்றன.

ஒரு நிகழ்ச்சி, இரு வரலாறு

நேர்வு முறையின் ஆற்றலையும் ஆபத்தையும் ஒருசேர உணர்த்துவது ஹோண்டா நிறுவனத்தின் வரலாறு. 1959ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நுழைந்த அந்த ஜப்பானிய நிறுவனம், சில ஆண்டுகளுக்குள் அந்நாட்டு மோட்டார் சைக்கிள் சந்தையில் முதலிடம் பிடித்தது. பிரிட்டிஷ் நிறுவனங்கள் நலிந்தன. காரணம் அறிய விரும்பிய பிரிட்டிஷ் அரசுக்கு 1975ஆம் ஆண்டில் பாஸ்டன் ஆலோசனைக் குழு அறிக்கை அளித்தது. உள்நாட்டில் சிறிய வண்டிகளைப் பெருமளவில் செய்து செலவைக் குறைத்துக்கொண்ட ஜப்பானியர், அவ்வலிமையைக் கொண்டு அயல்நாட்டுச் சந்தையைக் கைப்பற்றினர் என்பது அதன் விளக்கம். வணிகப் பள்ளிகளில் அது பாடமாயிற்று. முன்கூட்டியே திட்டமிட்ட உத்தியின் வெற்றிக்கு அதுவே சான்றாகக் காட்டப்பட்டது.

1982ஆம் ஆண்டில் ரிச்சர்டு பாஸ்கேல் என்னும் அறிஞர், அமெரிக்காவில் ஹோண்டாவின் வாணிகத்தைத் தொடங்கிய அலுவலர்களையே ஜப்பானில் நேரில் கண்டு வினவினார். 1984ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட வரலாறு முற்றிலும் வேறாக இருந்தது. ஜப்பானிய நிதியமைச்சு அவர்கள் எடுத்துச் செல்ல அனுமதித்த முதல் சிறியது. அவர்கள் விற்க எண்ணியவை பெரிய வண்டிகள். அமெரிக்கச் சாலைகளில் நெடுந்தொலைவு, மிகு வேகத்தில் ஓட்டப்பட்டமையால் அவை பழுதாகித் திரும்பின. அவர்களே கடைத்தெரு செல்லப் பயன்படுத்திய 50 சி.சி. சிறு வண்டிகளோ தெருவில் சென்றோரின் கண்ணைக் கவர்ந்தன. விற்கத் தயங்கிய அச்சிறு வண்டியே வேறு வழியின்றி விற்பனைக்கு வந்து வெற்றி தேடித் தந்தது.

இவ்விரண்டில் எது மெய்? அறிஞர் பல்லாண்டு விவாதித்தனர். ஹென்றி மின்ஸ்பெர்க், செய்யச் செய்ய உருவாகும் உத்திக்கு இதனைச் சான்றாகக் கொண்டார். எதிர்த்தரப்பினரோ, முன்னைய அறிக்கை பிரிட்டிஷ் அரசுக்கு வழி சொல்ல எழுதப்பட்டதேயன்றி நிகழ்ந்த வரலாற்றைக் கூற எழுதப்பட்டதன்று என்றனர். இரு தரப்பிலும் உண்மை உண்டு. செலவுக் குறைவு இல்லாதிருந்தால் சிறு வண்டி அவ்விலையில் விற்றிராது. எதிர்பாராததை ஏற்கும் மனம் இல்லாதிருந்தால் அது விற்பனைக்கே வந்திராது. ஆயினும் ஒன்று தெளிவு. களத்தில் நின்றவரை வினவும் வரை, வகுப்பறையில் ஒரு வரலாறு மட்டுமே வழங்கி வந்தது.

கல்வியின் பொறுப்பு

கொல்கத்தாவில் பிறந்து உலகப் புகழ் எய்திய கோஷல் 2004ஆம் ஆண்டில் மறைந்தார். மறுஆண்டு வெளியான அவருடைய கட்டுரை வணிகக் கல்வி உலகையே உலுக்கியது. மனிதன் தன்னலத்துக்காகவே இயங்குபவன், எவரையும் நம்பலாகாது என்னும் கோட்பாடுகளை ஆண்டுதோறும் கற்பித்த கல்விக்கூடங்கள், அறப்பொறுப்பு உணர்விலிருந்து மாணவரை விடுவித்துவிட்டன என்று அவர் குற்றஞ்சாட்டினார். கோள்களின் இயக்கம் பற்றிய தவறான கோட்பாடு கோள்களை மாற்றுவதில்லை. மனிதரைப் பற்றிய தவறான கோட்பாடோ, அதனை நம்பும் மனிதரையே அவ்வாறு மாற்றிவிடுகிறது. 2001ஆம் ஆண்டில் அமெரிக்காவின் என்ரான் நிறுவனம் சரிந்த நினைவு மாறாத காலத்தில் எழுந்த இக்குரல், வெறும் வாதமாக நின்றுவிடவில்லை.

இதன் பொருளை உணர மலேசிய மாணவர் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. 1821ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தொடங்கப்பட்ட கத்ரி நிறுவனம், மலாயாவில் பெரும் தோட்டங்களை உடைமையாகக் கொண்டு லண்டனிலிருந்து ஆளப்பட்டது. 1981ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள், மலேசியாவின் பெர்மோடாலான் நேஷனல் பெர்ஹாட் லண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்துக்குள் அதன் பங்குகளை வாங்கி உரிமையைக் கைப்பற்றியது. 2007ஆம் ஆண்டில் கத்ரி, சைம் டார்பி, கோல்டன் ஹோப் நிறுவனங்கள் ஒன்றிணைந்தன. நாட்டின் சொத்து நாட்டுக்கு மீண்ட அந்நிகழ்ச்சி, உத்தி மேலாண்மைக்குச் சிறந்த நேர்வாகும்.

ஆனால் பங்குகளின் விலையையும், காலையில் நிகழ்ந்த வேகத்தையும் மட்டும் எழுதினால் அது பாதி வரலாறே. தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் வெட்டிய தமிழ்த் தொழிலாளருக்கு உடைமை மாற்றம் எதைக் கொணர்ந்தது என்பது மற்றொரு பாதி. லண்டன் தரகரின் சொல்லும், கோலாலம்பூர் அலுவலரின் சொல்லும், தோட்டத்து லயத்தில் வாழ்ந்தோரின் சொல்லும் ஒருங்கே கேட்கப்படும்போதுதான் அந்நேர்வு முழுமை பெறும். ஹோண்டாவின் வரலாறு கற்பித்த பாடம் அதுவே.

பன்னாட்டு உத்தி மேலாண்மையைப் பட்ட மேற்படிப்பாகப் பயிலச் செல்லும் தமிழ் மாணவர், சாண்ட்லர் முதல் கோஷல் வரையுள்ள அறிஞரின் கோட்பாடுகளைக் கற்றல் வேண்டும். அவற்றில் குறைவின்றித் தேர்ச்சி பெறுதலும் வேண்டும். அத்தோடு, எந்த வெற்றியின் கதையைக் கேட்டாலும், இதனைச் சொன்னவர் யார், கேட்கப்படாதவர் யார் என வினவும் பழக்கத்தையும் கைக்கொள்ளுதல் வேண்டும். அப்பழக்கத்தைப் பள்ளிப் பருவத்திலேயே விதைக்கவல்லவர் மொழியும் வரலாறும் கற்பிக்கும் ஆசிரியரே. உத்தி வகுப்போரின் கையில் பல நாட்டு மக்களின் வாழ்வு அடங்கியிருக்கிறது. அக்கையை நெறிப்படுத்தும் கல்வி, கணக்கோடு மட்டும் நின்றுவிடலாகாது.