ஆல்பிரட் ஃபேகன் சிலை, பிரிஸ்டல்

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், கரீபியன் மக்கள் அதிகம் குடியேறிய செயின்ட் பால்ஸ் பகுதியின் சாலைச் சந்திப்பு ஒன்றில் ஒரு வெண்கல மார்பளவுச் சிலை உள்ளது. ஜமைக்காவில் பிறந்த நாடக ஆசிரியரும் நடிகருமான ஆல்பிரட் ஃபேகனின் சிலை அது. பிரிஸ்டலில் கறுப்பினத்தவர் ஒருவருக்கு வைக்கப்பட்ட முதல் சிலை இதுவே. 2020-ல் இது சிதைக்கப்பட்டு, பின்னர் சீர்செய்யப்பட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் தொழிலாளர் பற்றாக்குறை நிலவியது. 1948 ஜூனில் 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பல் கரீபியன் பயணிகளுடன் டில்பரி துறைமுகத்தை அடைந்தது. அதைத் தொடர்ந்து பல்லாயிரம் பேர் வந்து ரயில்வேயிலும் மருத்துவமனைகளிலும் ஆலைகளிலும் பணிபுரிந்தனர். பிரிஸ்டலில் கறுப்பினத்தவரைப் பேருந்து நடத்துநராகச் சேர்க்க மறுத்ததால், 1963-ல் நான்கு மாதங்கள் பேருந்துப் புறக்கணிப்புப் போராட்டம் நடந்து வெற்றி பெற்றது.

1937-ல் பிறந்த ஃபேகன் 1955-ல் இங்கிலாந்துக்கு வந்தார். முதலில் ரயில்வேயில் வேலை பார்த்தார். பிறகு ராணுவத்தில் சேர்ந்து, அங்கே குத்துச்சண்டை வீரராகவும் விளங்கினார். பிரிஸ்டலில் வெல்டராக இருந்தபோது நாடகத்தில் ஈடுபட்டார். புலம்பெயர்ந்தோர் வாழ்வை மேடையேற்றிய அவரது 'ஒரு கறுப்பு மனிதனின் மரணம்' 1975-ல் லண்டன் ஹாம்ப்ஸ்டெட் அரங்கில் நடிக்கப்பட்டது.

1986 ஆகஸ்ட் 29 அன்று, லண்டனில் ஓட்டப்பயிற்சிக்குச் சென்றவர் மாரடைப்பால் இறந்தார். அடையாளம் தெரியவில்லை என்று கூறி, அவரது உடலைப் பெயரின்றி எரியூட்டிவிட்டனர். நண்பர்களுக்குச் செய்தி எட்டியபோது எல்லாம் முடிந்திருந்தது. பெயரில்லாமல் போன அந்த மனிதருக்கு முகமும் பெயரும் திரும்பக் கிடைக்க வேண்டும் என்று அவர்கள் முயன்றனர். முதலாண்டு நினைவையொட்டி, 1987-ல், டேவிட் முட்டாசா வடித்த சிலை திறக்கப்பட்டது.

2020 ஜூன் 7 அன்று, அடிமை வணிகர் எட்வர்ட் கோல்ஸ்டனின் சிலையைப் போராட்டக்காரர்கள் வீழ்த்தித் துறைமுக நீரில் தள்ளினர். சில நாட்களில் ஃபேகன் சிலையின் முகத்தில் வெளுப்பான் போன்ற அரிக்கும் திரவம் ஊற்றப்பட்டிருந்தது. வெண்கலத்தின் மேல் காலப்போக்கில் படியும் மெல்லிய படலமே உலோகத்தைக் காக்கிறது. வெளுப்பானிலுள்ள குளோரின் சேர்மங்கள் அப்படலத்தைச் சிதைத்து, உள்ளேயும் அரிக்கத் தொடங்கும். அதனால்தான் இத்தகைய சிலைகளை விரைவில் கழுவ வேண்டியிருக்கிறது. பொதுவாக அதன்பின் மெழுகு பூசிக் காப்பார்கள். ஃபேகன் சிலை தூய்மை செய்யப்பட்டது. 2022-ல் அது இரண்டாம் தரப் பாதுகாப்புப் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது.

நீரிலிருந்து எடுக்கப்பட்ட கோல்ஸ்டன் சிலையை அந்நகரம் வேறுவிதமாகக் கையாண்டது. சேற்றை அகற்றிய பாதுகாப்பு வல்லுநர்கள், போராட்டக்காரர்கள் பூசிய வண்ணத்தை அழியாமல் காத்தனர். 2021-ல் அருங்காட்சியகத்தில் அது படுத்த நிலையிலேயே காட்சிக்கு வைக்கப்பட்டது.

ஒரு சிலையின் சேதம் வரலாற்றுச் சான்றாகப் பேணப்பட்டது. மற்றொன்றின் சேதம் துடைக்கப்பட்டது. இதில் முரண்பாடு இல்லை. கோல்ஸ்டன் பங்கு வகித்த நிறுவனம் பல்லாயிரம் ஆப்பிரிக்கர்களைக் கரீபியன் தீவுகளுக்கும் அமெரிக்காவுக்கும் விற்றது. அவ்வாறு கொண்டு செல்லப்பட்டோரின் வழித்தோன்றல்களே பின்னாளில் பிரிட்டனுக்கு வந்து உழைத்தனர். ஒருமுறை பெயரின்றி எரிக்கப்பட்டவரின் முகம், இரண்டாம் முறையும் மறைந்துபோக அந்நகரம் விடவில்லை.