வம்பன் உளுந்தும் மெண்டலின் விகிதமும்

பண்புகள் தலைமுறை கடப்பதைப் பற்றிய பள்ளிப் பாடம் பட்டாணியில் தொடங்கிப் பெரும்பாலும் பட்டாணியோடு முடிந்துவிடுகிறது. புதுக்கோட்டை மாவட்டத்து மானாவாரி நிலத்தில் பட்டாணிக்கு ஏது இடம்? அங்கே விளைவது உளுந்து. ஆலங்குடிக்கு அருகே வம்பனில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தேசியப் பயறு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. மெண்டல் போட்ட கணக்கை உளுந்துக்கும் போட்டுப் பார்த்த இடங்களில் அதுவும் ஒன்று. பட்டாணிக்கு வந்தது போன்ற ஒற்றை விடை உளுந்துக்கு வரவில்லை. அது ஏன் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கிரிகோர் மெண்டல் 1865இல் பிர்னோ நகரில் தம் முடிவுகளை வாசித்தார். மறு ஆண்டு அவை அச்சேறின. உருண்டை விதைப் பட்டாணியையும் சுருங்கிய விதைப் பட்டாணியையும் கலந்தபோது முதல் தலைமுறையில் எல்லாமே உருண்டை. அடுத்த தலைமுறையில் 5,474 உருண்டை, 1,850 சுருக்கம், ஏறக்குறைய 3:1. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என ஒவ்வொரு பண்புக்கும் இரு காரணிகள் உண்டு. ஓங்கு காரணியின் கீழ் ஒடுங்கு காரணி மறைந்திருக்குமே தவிர அழியாது என்பது அவர் கண்டது. உலகம் அதைக் கவனிக்க 1900 வரை ஆயிற்று.

தமிழ்நாடு இதில் பின்தங்கிவிடவில்லை. கோயம்புத்தூரில் 1912இல் கரும்பு இனப்பெருக்க நிலையம் அமைந்தது. நாணலின் உறவான காட்டுக் கரும்பை நாட்டுக் கரும்போடு கலந்து உருவாக்கிய கோ 205 ரகம் 1918இல் வெளிவந்தது. பயிருக்கு இல்லாத வலிமையை அதன் காட்டு உறவிடமிருந்து பெறும் இந்த வழி பின்னாளில் வம்பனுக்கும் கைகொடுத்தது.

உளுந்துக்கு எமன் மஞ்சள் தேமல். டெல்லியில் பாசிப்பயறில் கண்ட இந்நோயைப் பற்றிய முதல் அறிக்கை 1960இல் வந்தது. இளந்தளிரில் ஊசிமுனை அளவு மஞ்சள் புள்ளி விழும். பச்சையும் மஞ்சளும் திட்டுத்திட்டாகப் பரவி, கடைசியில் இலை முழுவதும் மஞ்சளாகிவிடும். காய் சிறுத்து, பிஞ்சிலேயே வெம்பும். வைரஸைச் சுமந்து வருவது வெள்ளை ஈ. மருந்தடித்து ஈயைக் குறைக்கலாம். செடிக்குள் புகுந்துவிட்ட வைரஸுக்கு மருந்தில்லை. ஆகவே செடியே எதிர்த்து நிற்க வேண்டும்.

உளுந்தைக் கலப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. பூ விரியும் முன்பே தன் மகரந்தத்தால் தானே கருவுற்றுவிடும். அதனால் மாலையில், மறுநாள் மலரவிருக்கும் மொட்டை இடுக்கியால் பிரித்து மகரந்தப் பைகளை எடுத்துவிட்டு, காலையில் வேறு ரகத்தின் மகரந்தத்தைத் தடவுவார்கள். பல மொட்டுகள் உதிர்ந்துவிடும். தப்பிய காயிலும் சில விதைகளே தேறும். பிறகு எளிதில் நோய் பிடிக்கும் ரகத்தை இடையிடையே வரிசையாக விதைத்து, ஈயை வரவழைத்து, சந்ததிச் செடிகளைச் சோதிப்பார்கள்.

இங்கேதான் சிக்கல். எதிர்ப்பு ஒரே ஓங்கு ஜீனால் (மெண்டல் சொன்ன காரணிதான் ஜீன்) வருகிறது என்றன சில ஆய்வுகள். அப்படியானால் இரண்டாம் தலைமுறையில் மூன்று செடி தாங்கும், ஒன்று வீழும். ஒரே ஒடுங்கு ஜீன் என்றன வேறு சில; கணக்கு தலைகீழாகும். இரு ஒடுங்கு ஜீன்களும் சேர வேண்டும் என்றால் 16இல் ஒன்றுதான் தப்பும். இவற்றில் ஒன்றுதான் சரி என்று அடம்பிடிப்பது வீண் என்பேன். வட இந்தியாவில் மிகுதியாகப் பரவியுள்ள வைரஸும் தெற்கே மிகுதியாக உள்ளதும் வெவ்வேறு இனங்கள். பெற்றோர் ரகங்களும் வேறு. எவ்வளவு மஞ்சள் வரை 'எதிர்ப்பு' எனக் கொள்வது என்ற எல்லையும் ஆய்வாளருக்கு ஆய்வாளர் மாறுகிறது. உருண்டையா சுருக்கமா என்று விதையைப் பார்த்துப் பிரிப்பதுபோல் நோயைப் பிரிக்க முடியாது.

இத்தனைக்கும் நடுவே ரகங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. 2011இல் வெளியான வம்பன் 6, வம்பன் 1 ரகத்தைக் காட்டு உளுந்தோடு கலந்து பெற்றது; 65 முதல் 70 நாளில் அறுவடைக்கு வரும்.

இப்படிக் கலந்து பெற்ற செடிகளில், ஒரு பண்பின் இரு காரணிகளும் வெவ்வேறாக இருக்கும் கலப்புத் தன்மை, தன் மகரந்தச் சேர்க்கையால் தலைமுறைதோறும் பாதியாகக் குறையும்: இரண்டாம் தலைமுறையில் 50 விழுக்காடு, மூன்றாவதில் 25, ஏழாவதில் 2 விழுக்காட்டுக்கும் கீழே. அதனால் வம்பன் உளுந்தைப் பயிரிட்டவர் பிற ரகம் கலக்காமல், நோயற்ற செடியில் விதையெடுத்து அடுத்த பருவத்துக்கு வைத்துக்கொள்ளலாம். வீரிய ஒட்டுப் பருத்தியில் அது நடக்காது.